படம் எழுத்தறியாதவர்க்கு மட்டுமா?

கல்விக் கருத்தரங்குகளிலும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் ஒரு கூற்று நெடுங்காலமாக உலவி வருகிறது. எழுத்து அறிந்தவர்க்கு நூல். எழுத்து அறியாதவர்க்குப் படம் என்பதே அக்கூற்று. கேட்பதற்கு எளிமையாக இருப்பதால் அதனை எவரும் ஐயுற்று ஆராய்வதில்லை. பயிற்சிக் காலத்தில் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட இளம் ஆசிரியர், பள்ளிக்கு வந்ததும் அதன்படியே ஒழுகத் தொடங்கிவிடுகிறார். முதலாம் ஆண்டு வகுப்பறையில் சுவரெங்கும் படங்கள் தொங்குகின்றன. ஆண்டு ஏற ஏறப் படங்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வரலாற்று நூலில் உள்ள பழைய படம் ஒன்றின்மீது விரலை வைத்து, "இவர் ஏன் இடக்கையால் வாளைப் பிடித்திருக்கிறார்?" என்று கேட்டுவிட்டால், "படத்தை ஏன் பார்க்கிறாய்? பாடத்தைப் படி" என்னும் அதட்டலே அவனுக்கு விடையாகக் கிடைக்கிறது.

படம் குழந்தைக்கும் மந்தமதியினர்க்கும் உரியது. எழுத்தே அறிவாளர்க்கு உரியது. இந்த எண்ணம் வகுப்பறைக்குள் எப்படி நுழைந்தது? அது பிழையானது என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டா? உண்டு. அதுவும், சமயப் படங்களைக் கடல் கடந்து பரப்பிய செப்புத்தகட்டுப் பொறிப்பின் வரலாற்றிலேயே உண்டு. எந்தக் கலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கூற்றை நிறுவ முயல்கின்றனரோ, அந்தக் கலையே இதற்கு முதல் மறுப்பாக நிற்கிறது என்பது வேடிக்கை.

கூற்றின் பிறப்பை முதலில் நோக்குதல் வேண்டும். கி.பி. 600ஆம் ஆண்டளவில் மார்செய் நகரின் ஆயராக இருந்த செரீனுஸ், மக்கள் திருவுருவங்களை வணங்குவது கண்டு சினங்கொண்டு, கோயிலில் இருந்தவற்றை உடைத்துப் போட்டார். உரோமை நகரிலிருந்த திருத்தந்தை கிரகோரியார் அவருக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். உருவங்களை வணங்குதல் ஆகாது. ஆனால் அவற்றை அழித்தலும் ஆகாது. படிக்கத் தெரிந்தவர்க்கு மறைநூல் எதைத் தருகிறதோ அதைப் படிக்கத் தெரியாதவர்க்குச் சுவரோவியம் தருகிறது என்பது அக்கடிதத்தின் கருத்து. இஃது ஓர் ஆயரின் கை சுத்தியலைத் தடுத்து நிறுத்தக் கூறப்பட்ட வாதம். இடிபாட்டிலிருந்து சுவர்களைக் காக்க எழுந்த சொல்லைக் கல்விக் கொள்கையாக்கியது பின்வந்தோர் செய்த பிழை. கிரகோரியார் சுவரோவியத்தைப் பற்றிப் பேசினார். அச்சிட்ட படத்தை அவர் கனவிலும் கண்டதில்லை.

அச்சிட்ட படம் என்றவுடன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வழக்கமும் மாணவர் கட்டுரைகளில் மிகுதி. மரச்செதுக்கு வேறு, செப்புப் பொறிப்பு வேறு. மரக்கட்டையில் செதுக்கி எடுக்கப்பட்ட பகுதி வெண்மையாக நிற்கும். செதுக்காமல் விட்ட மேடு மையை ஏற்றுத் தாளில் பதியும். செப்புத்தகட்டிலோ இது தலைகீழ். எங்கே உளி உழுததோ அங்கேதான் மை தங்கும். வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றிய செப்புத்தகட்டை மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் வைத்து, பூரின் என்னும் எஃகு உளியின் குமிழ்ப்பிடியை உள்ளங்கையில் அடக்கி, கலைஞர் முன்னோக்கித் தள்ளுவார். வளைகோடு வேண்டுமெனில் உளியைத் திருப்புவதில்லை. மெத்தைமேல் இருக்கும் தகட்டையே மெல்லச் சுழற்றுவார். உளி செல்லும் வழியில் செம்பு சுருளாக எழும். ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சுரண்டுகத்தியால் நீக்குவார். பின்னர் தகடு முழுவதும் மை தேய்த்து, மேற்பரப்பைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்துவிட்டால், வரிப்பள்ளங்களில் மட்டும் மை எஞ்சும். நனைத்த தாளை அதன்மேல் இட்டு, கம்பளி விரித்து, இரண்டு உருளைகளுக்கிடையே பேரழுத்தத்துடன் செலுத்தினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் இன்றும் அப்படங்களைச் சுற்றிக் காணலாம்.

இக்கலையில் நிழலுக்கெனத் தனி வண்ணம் கிடையாது. ஒளியும் இருளும், பட்டின் மென்மையும் பாறையின் வன்மையும், முகத்தின் துயரமும் எல்லாமே கோடுகள்தாம். கோடு தடித்தால் இருள், மெலிந்தால் ஒளி, குறுக்கே வேறு கோடுகள் ஓடினால் ஆழம். இத்தகைய படத்தைப் பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். பல்லாயிரம் கோடுகளைக் கண் கூட்டிப் படித்தால்தான் அங்கே ஓர் உருவம் எழும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தகட்டில் பொறித்தது தாளில் இடவலம் மாறித்தான் விழும். ஆகவே தகட்டில் எழுத்துகளைத் திருப்பி எழுதுவார் கலைஞர். உருவங்களையும் திருப்பி வரைய வேண்டும். ஒருவர் அச்சிட்ட படத்தைப் பார்த்து மற்றொருவர் அப்படியே புதுத் தகட்டில் பொறித்தால், வலக்கையால் ஆசி வழங்கிய புனிதர் இடக்கையால் ஆசி வழங்குவார். வலக்கை வாள் இடக்கைக்கு மாறிவிடும். பழைய படங்களில் இடக்கையர் பலர் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். ஆறாம் ஆண்டு மாணவன் கேட்ட வினாவுக்குரிய விடையும் இங்கே இருக்கக்கூடும். படம் ஒன்றிலிருந்து ஒன்றாக எத்தனை கை மாறி வந்தது என்னும் வரலாற்றையே அவன் விரல் தொட்டது. அதட்டியவர்க்கு அது தெரியவில்லை.

செம்பில் பொறித்தல் தமிழர்க்குப் புதிதன்று. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராச சோழன் வழங்கிய செய்தி 21 தகடுகளில் பொறிக்கப்பட்டு, வளையத்தில் கோக்கப்பட்டு, லெய்டன் செப்பேடு என்னும் பெயரால் உலகறிந்து நிற்கிறது. மலேசியத் தமிழ் மாணவர்க்குக் கடாரத்தின் பெயரைக் கற்பிக்கும்போது இதனைக் கூறாத ஆசிரியர் இலர். ஆனால் செப்பேட்டை வெட்டியவரின் நோக்கம் ஒன்றே ஒன்றை என்றும் அழியாமல் வைப்பது. ஐரோப்பியப் பொற்கொல்லரின் வழிவந்தோர் நோக்கமோ ஒன்றைப் பலவாக்குவது. தகடும் உளியும் ஒன்றே. தாளும் உருளை அச்சும் சேர்ந்தபோது பயன் வேறாயிற்று. அவ்வளவே. இதில் உயர்வு தாழ்வு பேச இடமில்லை.

செப்புப் பொறிப்பு 1430களில் செருமானிய நாடுகளில் பொற்கொல்லர் பட்டறைகளிலிருந்து வெளிப்பட்டது. சமயப் படத்தை அது பரப்பிய தொடக்கக் காட்சிகளுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் திருத்தலத்தில் நிகழ்ந்தது. 1466ஆம் ஆண்டு அத்தலத்தின் ஐந்நூறாம் ஆண்டு விழாவுக்கு வந்த பயணிகளுக்காக, இ.எஸ். என்னும் எழுத்துகளால் மட்டுமே அறியப்படும் கலைஞர், அன்னை மரியாளின் உருவத்தைப் பெரிது, சிறிது, மிகச்சிறிது என மூன்று அளவுகளில் பொறித்தார். பயணியின் பணப்பையின் அளவுக்கேற்பப் படத்தின் அளவும் அமைந்தது என்று கொள்வதில் தவறில்லை.

இங்கேதான் எதிர்க்கட்சியார் தலைநிமிர்ந்து, "பார்த்தீர்களா! பாமரர்க்கே படம் சென்றது" என்பர். ஆம், சென்றது. திருத்தலப் பயணிகளும் சந்தையில் உழவரும் படம் வாங்கினர் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பாமரர் வாங்கிய படம் பாமரர்க்கு மட்டுமே உரியது என்று முடிவு கட்டுவது எவ்வகை அளவை? சோற்றைப் பாமரரும் உண்கின்றனர். அதனால் புலவர் பட்டினி கிடக்க வேண்டுமோ?

அடுத்த தலைமுறையில் என்ன நடந்தது என்பதைப் பார்க்கட்டும். பொற்கொல்லரின் மகனான மார்ட்டின் ஷோன்கௌவர் கோல்மார் நகரில் பொறித்த புனித அந்தோணியார் படத்தை இளமையில் வண்ணந்தீட்டிப் பழகியவர் மைக்கலாஞ்சலோ. இன்னொரு பொற்கொல்லரின் மகனான ஆல்பிரெக்ட் டியூரர் 1507 முதல் 1513 வரை இயேசுவின் பாடுகளை 16 சிறு செப்புத்தகடுகளில் பொறித்தார். அவருடைய துணைவி ஆக்னஸ் பிராங்க்பர்ட் சந்தையில் அவர் படங்களை விற்று வந்தார். 1520-21இல் நெதர்லாந்து நாடுகளில் பயணம் செய்தபோது, தாம் யாருக்கு எந்தப் படத்தைக் கொடுத்தார், எதனை என்ன விலைக்கு விற்றார் என்பதையெல்லாம் டியூரர் நாட்குறிப்பில் கணக்காக எழுதினார். அப்படங்களைப் பெற்றவர்களுள் அறிஞரும் வணிகரும் அரசவையினரும் இருந்தனர். இத்தாலியில் மார்க்கன்தோனியோ ரைமொண்டி என்பவர் டியூரரின் மரச்செதுக்குப் படங்களை அவருடைய கையொப்பக் குறியோடு செம்பில் பொறித்து விற்றார். 1511இல் டியூரர் தம் நூலின் இறுதியில் பேரரசர் மாக்சிமிலியனின் ஆணையைச் சுட்டி, பிறர் உழைப்பைத் திருடுவோரை எச்சரிக்க நேர்ந்தது. எழுத்தறியாதவர்க்காக மட்டும் ஆக்கிய பொருளை ஒருவர் திருட, மற்றவர் பேரரசரின் பெயரைச் சொல்லி அதனைக் காப்பாரோ?

1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கம் திருவுருவங்களைப் பற்றிய ஆணையைப் பிறப்பித்தது. கிரகோரியாரின் பழைய கருத்தே அங்கும் ஒலித்தது: படங்கள் மக்களுக்குப் போதிக்கும். மூன்றாண்டுகள் கழித்து, 1566 ஆகஸ்டில், ஆண்ட்வெர்ப் நகரத்துப் பேராலயத்துக்குள் கூட்டம் புகுந்து உருவங்களை நொறுக்கியது. செரீனுஸ் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் வந்துவிட்டார் எனலாம். ஆனால் அதே நகரம், 1585இல் எசுப்பானியர் கைக்கு மீண்ட பின், உலகின் கத்தோலிக்கப் படத் தொழிற்சாலையாக மாறியது.

கிறிஸ்தோபர் பிளாண்டின் 1555இல் அந்நகரில் அச்சகம் தொடங்கியவர். எழுத்து அச்சோடு மரச்செதுக்கை ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே முறையில் அச்சிடலாம். செப்புத்தகட்டுக்கு அது முடியாது. எழுத்தை ஓர் அச்சில் அடித்து, அதே தாளை உருளை அச்சில் மறுமுறை செலுத்த வேண்டும். கூலி கூடும், தாள் வீணாகும், காலம் நீளும். எனவே பிளாண்டின் ஒரே வழிபாட்டு நூலை மரச்செதுக்குப் படத்துடன் ஒரு விலைக்கும், செப்புப் படத்துடன் அதனினும் மிகுந்த விலைக்கும் விற்றார். மிகுந்த விலை கொடுத்து இலத்தீன் வழிபாட்டு நூலை வாங்கியவர் யார்? படிக்கத் தெரியாத கூலியாளா? மரச்செதுக்கு மலிவு, செம்பு அருமை. அருமையானது அறிந்தோர் கைக்கே முதலில் சென்றது.

அந்நகரில் யான், ஹியரோனிமுஸ், அந்தோன் என்னும் வீரிக்ஸ் சகோதரர் மூவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தகடுகளைப் பொறித்தனர். கோயில் இடிபட்ட அதே 1566ஆம் ஆண்டில், யான் வீரிக்ஸ் டியூரரின் ஆதாம் ஏவாள் படத்தைப் பார்த்துப் பொறித்து, தம் வயது 16 என்று தகட்டிலேயே குறித்திருக்கிறார். மூவரும் கைத்திறத்தில் நிகரற்றவர். ஒழுக்கத்தில் அவ்வாறு சொல்வதற்கில்லை. அவர்களிடம் வேலை வாங்க விரும்புவோர் மதுக்கடைகளில் தேடிப் பிடித்து, கடனை அடைத்து, அடகுவைத்த கருவிகளை மீட்டுத் தர வேண்டியிருக்கிறது என்று பிளாண்டின் நொந்து எழுதினார். உலகெங்கும் மக்கள் கண்ணீர் மல்க நோக்கிய திருப்படங்கள் இக்கைகளிலிருந்து பிறந்தன. கலைஞரை வெறும் எடுபிடிக் கூலியாகக் கருதிப் பெயரையும் கூறாமல் விட்டுவிடும் பாடநூல்கள், குறைந்தது இந்த மூவரின் பெயரையாவது சொல்லலாம்.

இவர்களும் கொல்லார்ட் குடும்பத்தினரும் பிறரும் சேர்ந்து பொறித்த ஒரு நூலே இவ்வாதத்துக்கு அடித்தளம். மயோர்க்காத் தீவில் 1507இல் பிறந்த ஜெரோம் நடால், இயேசு சபையின் நிறுவனரான இஞ்ஞாசியாரின் விருப்பத்துக்கிணங்கத் திட்டமிட்டது அது. நடால் 1580இல் மறைந்தார். பணம் திரட்டுவதிலும் பொறிப்போரைப் பிடிப்பதிலும் ஆண்டுகள் பல ஓடின. முடிவில் 1593இல் ஆண்ட்வெர்ப்பில் 153 செப்புப் படங்களுடன் நூல் வெளிவந்தது. விளக்கவுரை அதனை அடுத்து வெளிவந்தது.

அந்நூலின் ஒரு பக்கத்தை விரித்துப் பார்த்தாலே போதும். இயேசு பிறந்த இரவின் காட்சி. மேலே இலத்தீனில் தலைப்பும் எண்ணும் உள்ளன. படத்தினுள்ளே ஆங்காங்கு ஏ, பி, சி என உரோமை எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. பெத்லகேம் நகரின்மேல் ஓர் எழுத்து, வரி செலுத்தும் சந்தைமேல் ஓர் எழுத்து, குகைக்கு ஒன்று, வைக்கோல்மேல் கிடக்கும் குழந்தைக்கு ஒன்று, மாட்டுக்கும் கழுதைக்கும் ஒன்று, தொலைவில் மந்தை காக்கும் மேய்ப்பர்க்கு ஒன்று, அவர்களுக்குத் தோன்றும் வானதூதர்க்கு ஒன்று. படத்தின் அடியில் அதே எழுத்துகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றுக்கும் இலத்தீனில் விளக்கம் ஓடுகிறது. கண் எழுத்தைப் பிடித்து அடிக்குறிப்புக்கு இறங்கும். பொருளறிந்து மீண்டும் படத்துக்கு ஏறும். அடுத்த எழுத்தைத் தேடும். ஏறியும் இறங்கியும் பத்துப் பன்னிரண்டு முறை சென்று வந்த பின்னரே ஒரு பக்கம் முடியும். இன்றைய அறிவியல் பாடநூலில் இதயத்தின் படமும் மலரின் குறுக்குவெட்டும் எழுத்துக் குறியீடுகளோடு வருகின்றனவே, அவற்றுக்கும் இப்பக்கத்துக்கும் அமைப்பில் வேறுபாடு யாது?

எழுத்தறியாதவர் இந்நூலைப் படிக்க இயலுமா? இயலாது. அவர்க்காக அஃது எழுதப்படவுமில்லை. இயேசு சபையில் குருத்துவம் பயின்ற மாணவர் தியானம் செய்வதற்காக எழுதப்பட்டது. இஞ்ஞாசியாரின் தியானப் பயிற்சி நூல் 1548இல் அச்சேறியது. தியானத்தின் தொடக்கத்தில் நிகழ்விடத்தை அகக்கண்ணால் காண வேண்டும் என்று அது பணிக்கிறது: பாதை எவ்வளவு நீளம், குகை உயரமா தாழ்வா என்றெல்லாம். இலத்தீனும் மெய்யியலும் கற்ற இளைஞர்க்கு ஏன் படம் கொடுத்தனர்? கற்றவனுக்கும் காணத் தெரியாது, காண்பதைக் கற்பிக்க வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். ஆசிரியத் தொழிலின் இந்த நுட்பத்தைப் பதினாறாம் நூற்றாண்டுத் துறவியர் கண்டுகொண்டனர். இன்றைய வகுப்பறையோ அதனை முதலாம் ஆண்டோடு மூட்டை கட்டி வைத்துவிட்டது.

சீனத்தில் நடந்தது இதனினும் தெளிவு. மத்தேயோ ரிச்சி என்னும் இயேசு சபைத் துறவி 1583 முதல் சீனத்தில் வாழ்ந்து 1610இல் பெய்ஜிங்கில் மறைந்தவர். நடாலின் நூலைப் பற்றி அவர் 1605இல் எழுதிய கடிதத்தில், உரையாடும்போதே பொருளைக் கண்முன் வைக்க முடிவதால் அது மறைநூலினும் பயன் மிகுந்தது என்னும் கருத்தைத் தெரிவித்தார். அவர் உரையாடியது யாருடன்? உழவருடனன்று. அரசுத் தேர்வில் வென்ற அறிஞருடன். உலகிலேயே எழுத்தை மிகுதியாகப் போற்றிய ஒரு வகுப்பாருடன். மைக்கட்டி வணிகரான செங் டாயுவே தம் மைக்கட்டி வடிவங்களைத் தொகுத்து வெளியிட்ட நூலுக்கு ரிச்சி நான்கு ஐரோப்பியப் படங்களைக் கொடுத்தார். சீன எழுத்தில் உரையும் அதன் பக்கத்திலேயே உரோமை எழுத்தில் ஒலிப்பும் எழுதித் தந்தார். மைக்கட்டி நூலை வாங்குவோர் எழுத்துக்கலையில் தோய்ந்தவரன்றி வேறு யார்?

அந்நான்கில் ஒன்று அன்னையும் சேயும். செவில் பேராலயச் சுவரில் இருந்த ஓவியத்தை வீரிக்ஸ் ஆண்ட்வெர்ப்பில் செம்பில் பொறித்தார். அப்படம் கடல் கடந்து யப்பான் சென்றது. அங்கே இயேசு சபைப் பள்ளியில் பயின்ற மாணவர் 1597இல் அதனைத் தாமே செம்பில் பொறித்தனர். அந்த யப்பானியப் படம் ரிச்சியின் கைக்கு வந்து, சீன மரச்செதுக்குக் கலைஞரின் கட்டையில் ஏறியது. சுவரிலிருந்து செம்பு, செம்பிலிருந்து செம்பு, செம்பிலிருந்து மரம். இரண்டு கண்டங்களுக்கிடையே அன்று எந்தச் செய்யுள் இவ்வாறு பயணம் செய்தது?

கைமாறிய படம் அப்படியே இருந்ததா என்றால், இல்லை. 1619ஆம் ஆண்டளவில் நடாலின் படங்களை ஒட்டிச் சீனத்தில் வெளிவந்த செபமாலை நூலில், அன்னை மரியாளின் இல்லம் சீன வீடாகிவிட்டது. முற்றமும் மலைக்காட்சித் திரையும் வந்துவிட்டன. 1637இல் ஜூலியோ அலேனி பூக்கியன் மாநிலத்தில் வெளியிட்ட நூலோ நடாலின் அமைப்பைப் பெரிதும் காத்து, குறியெழுத்துகளின் இடத்தில் சீன எழுத்துகளை வைத்தது. பூக்கியர் வாழும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் மாணவர்க்கு இச்செய்தி நெருக்கமானது. பெற்றுக்கொண்டவர் வெறும் பாத்திரம் அல்லர். எதை வைப்பது, எதை மாற்றுவது என்று அவர்களே முடிவு செய்தனர். படம் படிப்பறிவில்லாதார் வாயில் ஊட்டும் கூழ் என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை எவ்வாறு விளக்குவர்?

"இவையெல்லாம் மதமாற்றக் கருவிகள், தமிழாசிரியர்க்கு இவற்றால் என்ன?" என்று கேட்போரும் உளர். மதமாற்றக் கருவிகள் என்பதில் ஐயமில்லை. படத்தைச் செதுக்கச் சொன்னவர் யார், பணம் கொடுத்தவர் யார், யாரை மனத்தில் வைத்துச் செதுக்கினர் என்னும் வினாக்களை மாணவர் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அவ்வினாக்களைக் கேட்க, முதலில் படத்தைக் கூர்ந்து படிக்கத் தெரிய வேண்டாமா? படிக்காமலே ஒதுக்குவது ஆராய்ச்சியன்று. ஆட்சியாளர் இதனை நன்கு அறிந்திருந்தனர். யப்பானில் 1614இல் கிறித்துவம் தடைசெய்யப்பட்டது. 1620களின் பிற்பகுதியிலிருந்து நாகசாகியில் ஐயத்துக்குரியோரைத் திருப்படத்தின்மேல் கால்வைத்து மிதிக்கச் செய்தனர். மிதிக்கத் தயங்கியவர் அகப்பட்டார். தாள் படங்கள் மிதிபட்டு நைந்தமையால், பின்னர் உலோகத்தில் வார்த்த உருவங்கள் செய்யப்பட்டன. வணங்குவதற்கென வந்த படத்தை வணங்குவோரைக் கண்டுபிடிக்கும் பொறியாக்கிய கொடுமை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. படம் சிறுபிள்ளை விளையாட்டு என்று அந்த ஆட்சியாளர் கருதவில்லை.

இனி, எதிர்க்கட்சியாரின் வலுவான சான்று என்று ஒருவரைக் கூறலாம். அவர் அக்பர். எழுதப் படிக்கக் கற்காதவர். 1580இல் அக்குவாவிவா, மொன்செராட்டே முதலிய இயேசு சபையினர் பத்தேப்பூர் சிக்ரிக்கு வந்து, பிளாண்டின் அச்சிட்ட பன்மொழி மறைநூலின் தொகுதிகளை அவருக்கு வழங்கினர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், அரமேயம், சிரியாக்கு ஆகிய மொழிகளில் 1568 முதல் 1573 வரை அச்சான நூல் அது. அக்பர் தலைப்பாகையை நீக்கி, அவற்றைத் தலைமேல் வைத்து முத்தமிட்டார். அதில் எந்த மொழியும் அவருக்குத் தெரியாது. முகப்பில் செம்பில் பொறித்த படமோ அனைவருக்கும் தெரிந்தது. சிங்கமும் எருதும் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாக நிற்கும் காட்சி அது. பின்னாளில் சகாங்கீரின் ஓவியங்களில் சிங்கமும் ஆடும் அருகருகே படுத்திருப்பதற்கு இது வித்தாயிற்று என்று கலை வரலாற்றறிஞர் கருதுகின்றனர்.

"இதோ, எழுத்தறியாதவர்க்குப் படம்!" என்று கைதட்ட வேண்டியதில்லை. அக்பர் எழுத்தறியாதவர்; அறியாதவர் அல்லர். நாள்தோறும் நூல்களைப் பிறர் வாசிக்கக் கேட்டு, வாசிப்பவர் நிறுத்திய இடத்தில் தம் கையாலேயே குறியிடுவார் என்று அபுல் பசல் எழுதியுள்ளார். வடமொழி நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தவர் அவர். எழுத்து, அறிவு என்னும் இரண்டையும் ஒன்றெனக் கொண்டதில்தான் அந்தப் பழைய கூற்றின் அடிப்படைப் பிழை கிடக்கிறது. மேலும், அப்படங்களை அரண்மனையில் ஆழ்ந்து படித்தவர் அக்பர் மட்டுமல்லர். கேசு தாசர் முதலிய ஓவியர் ஐரோப்பியச் செப்புப் படங்களைத் தாளில் பெயர்த்து, வண்ணந்தீட்டி, கோட்டு நிழலின் நுட்பத்தைத் தமதாக்கிக்கொண்டனர். நிழல் விழும் முறையும் தொலைவு சிறுக்கும் முறையும் அவர்களுக்குச் சொற்களால் கற்பிக்கப்படவில்லை. தாளில் கிடந்த கோடுகளே ஆசான்.

அவ்வோவியர்களுள் அபுல் அசன் என்பவர் பின்னர் சகாங்கீரிடம் காலத்தின் அரும்பேறு என்னும் பட்டம் பெற்றவர். டியூரர் 1511இல் பொறித்த சிலுவைக் காட்சியின் படி ஒன்று எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அப்படத்தில் சிலுவையின் அருகே நின்று கைகளைப் பிசைந்து அழும் யோவானின் உருவத்தை மட்டும் தனியே எடுத்து, ஆடையின் ஒவ்வொரு மடிப்பையும் மென்தூரிகைக் கோடுகளால் வரைந்தார். அத்தாளில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது: இசுலாமிய ஆண்டு 1009, அஃதாவது கி.பி. 1600. வரைந்தவரின் வயதும் குறிக்கப்பட்டிருக்கிறது. பதின்மூன்று. தமிழ்ப்பள்ளியின் ஆறாண்டுகளை முடித்துவிட்டு, மாணவன் இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பில் அமரும் வயது அது. அத்தாள் ஆக்ஸ்பர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. உற்றுப் பார்த்தால், யோவானின் தோளில் டியூரர் இட்ட உளிக்கோட்டை அச்சிறுவன் எங்கெங்கே தூரிகையால் பின்தொடர்ந்தான், எங்கெங்கே விலகித் தன் வழியில் சென்றான் என்பது தெரியும்.